பிரிபடாத பாகம்

('அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுச்சொத்து பாழாவதற்குக் காரணம் பணப் பற்றாக்குறையா? முன்யோசனைப் பற்றாக்குறையா?' என்ற பட்டிமன்றத்தில், முன்யோசனைப் பற்றாக்குறையே என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! நாங்கள் எதைச் சொன்னாலும் இல்லை என்று சொல்வதற்கென்றே வந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய தங்கை, "மாசச் சம்பளக்காரன் பணத்துக்கு எங்கே போவான்?" என்று கண்கலங்கக் கேட்டாங்க. நடுவரே கர்ச்சீப்பை எடுத்துட்டார். (சிரிப்பு) நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க குடியிருப்பிலே புத்தாண்டுக்கு வாசல் கேட்டிலே சீரியல் லைட்டு போட்டீங்களா இல்லையா? கேட்டுக்குப் புது பெயின்ட் அடிச்சீங்களா இல்லையா? அதுக்குப் பணம் வந்தது! மொட்டை மாடியிலே ஏறிப் பாருங்க, தளம் பேந்து கிடக்கும். மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி, உள்ளே பனியனெல்லாம் ஓட்டை! (சிரிப்பு)

ஐயா, அந்தக் காலத்து ஓட்டு வீட்டிலே பாட்டி என்ன செய்வாள்? ஐப்பசி மழைக்கு வைகாசியிலேயே ஆள் கூப்பிட்டு ஓடு மாற்றச் சொல்வாள். பாட்டிக்குப் பணம் கொட்டியா கிடந்தது? இல்லை. மழை வரும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். இன்றைக்கு நமக்கு ஓடு இல்லை. லிஃப்ட் இருக்கு, மோட்டார் இருக்கு, தரைக்கடியிலே தண்ணீர்த் தொட்டி இருக்கு, கழிவுநீர்க் குழாய் இருக்கு. இத்தனையும் ஒருநாள் தேயும் என்று தெரியும். ஆனால் ஓடு மாற்றச் சொல்லப் பாட்டி இல்லை!

நான் ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பிலே 24 வீடு. சுற்றுச்சுவர் உண்டு, காவலாளி உண்டு. தரைத்தளத்துக்கு மேலே மூன்று மாடி. எங்கள் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கர். ஒருநாள் பொதுக்குழுவுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அதிலே நாலு பத்தி. என்ன பொருள், எப்போது வாங்கினது, இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும், மாற்ற எவ்வளவு ஆகும். "லிஃப்ட்டுக்கு 15 வயசாச்சு. 10 வருஷத்திலே மாத்தியாகணும். இன்றைய விலைக்கு 12 லட்சம்னு வச்சுக்குங்க. வீட்டுக்கு 50,000. மாசம் 417 ரூபாய் எடுத்து வச்சு பாங்கிலே போட்டா, விலை ஏறினாலும் வட்டி ஓரளவு கைகொடுக்கும்" என்றார்.

உடனே ஒருத்தர் எழுந்தார். யாரு? நான்தான்! வாய் சும்மா இருக்குமா? "நான் தரைத்தளத்துக்காரன். லிஃப்ட்டிலே கால் வைத்ததே இல்லை. 10 வருஷம் கழித்து வரப்போகிற செலவுக்கு இன்றைக்கு நான் ஏன் மொய் எழுதணும்? அப்போ இங்கே யார் இருப்போம், யார் போவோம்?" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். தீர்மானம் தோற்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடிக்கொண்டு போனார்.

ஒன்பதாவது வருஷம் லிஃப்ட் நின்றது. பழுது பார்க்கவே முடியாது, புதுசுதான் என்றார்கள். வீட்டுக்கு 60,000. உடனே வேண்டும். ஒருத்தர் மகள் கல்யாணம் என்றார், ஒருத்தர் வாடகைக்கு இருப்பவரிடம் கேள் என்றார். பணம் சேர்ந்து லிஃப்ட் ஓட நாலு மாதம் ஆயிற்று.

அந்த நாலு மாதமும், மூன்றாவது மாடியிலே அதே செயலாளரின் மனைவி. அந்த அம்மாவுக்கு வாரம் 2 முறை டயாலிசிஸ். நாற்காலியிலே உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்குவோம். ஒரு நாற்காலிக் கால் என் கையிலே. அவர் முன்னால் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொல்வார்: "சார், படி பார்த்து." வேறே ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும், ஐயா.

எதிரணியைக் கேட்கிறேன். கடைசியிலே 24 பேரும் 60,000 கொடுத்தோமா இல்லையா? கொடுத்தோம்! அப்படியென்றால் பணம் இருந்தது. எது இல்லை? 417 ரூபாய்க்கு யோசிக்கிற புத்தி இல்லை! (கைதட்டல்)

"ஏதோ ஒரு லிஃப்ட்டுக்காக இப்படிப் பேசுறீங்களே" என்பார்கள். சரி, கடல் தாண்டிப் போவோம். அமெரிக்காவிலே ஃபுளோரிடா மாநிலம், சர்ஃப்சைடு என்ற ஊர். கடற்கரையிலே 12 மாடிக் குடியிருப்பு. 1981-ல் கட்டியது. வசதியானவர்கள் வீடு. 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக்கொடுத்தார். நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்திலே நீர்க்கசிவுத் தடுப்பு கெட்டுவிட்டது, கீழே கான்கிரீட் சேதமாகிறது என்று. கட்டும்போதே வடிவமைப்பில் குறை இருந்ததாகவும் பின்னால் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அறிக்கை கையிலே இருக்கே! என்ன செய்தார்கள்? கூட்டம் போட்டார்கள். அவ்வளவு பணமா என்று வாதாடினார்கள். கடைசியிலே சுமார் 1.5 கோடி டாலர் திரட்ட முடிவாகி, 2021 ஜூலை 1-ந்தேதி கெடு வைத்தார்கள். ஜூன் 24 நள்ளிரவுக்குப் பிறகு, ஊர் தூங்குகிற நேரத்திலே, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 98 உயிர். கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் 2022-ல் அந்த மாநிலத்திலே சட்டம் வந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகள் 10 வருஷத்துக்கு ஒருமுறை கூரை, தூண், குழாய், நீர்க்கசிவு எல்லாவற்றையும் ஆராய்ந்து, இன்ன வருஷத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று கணக்கெழுத வேண்டும். அதுவரை உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டே சேமிப்பு வேண்டாம் என்று தள்ளிவிட முடிந்தது. என்னைப் போல ஒரு பேச்சாளர் அங்கேயும் இருந்திருப்பார் போல!

இது என்ன வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பா? உத்திரமேரூருக்குப் போங்கள், காஞ்சிபுரம் பக்கத்திலே. பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. குடவோலையிலே ஆள் எடுத்து, ஏரியைப் பார்த்துக்கொள்ள 6 பேர் கொண்ட ஏரி வாரியம். 360 நாள் பதவி. முன்னே வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் மறுபடி இடமில்லை! ஏரி உடைந்த பிறகு வாரியம் போடவில்லை ஐயா, உடையாதிருக்கும்போதே போட்டார்கள். அந்தப் பரம்பரையிலே வந்த நாம், தொட்டிச் சுவர் வெடித்துச் சாக்கடைத் தண்ணீர் கலந்த பிறகு அவசரக் கூட்டம் போடுகிறோம். அந்தக் கூட்டத்துக்கும் 7 பேர்தான் வருகிறோம், வடை இருந்தால் 15! (சிரிப்பு)

தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'பிரிபடாத பாகம்' இத்தனை சதுர அடி என்று போட்டிருக்கும். மண்ணிலே உங்கள் பங்கு எது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. படிக்கட்டும் அப்படித்தான், மொட்டை மாடியும் அப்படித்தான். தரைத்தளத்துக்காரனுக்கு லிஃப்ட் வேண்டாம், மேல்மாடிக்காரனுக்குத் தோட்டம் வேண்டாம் என்று பிரித்தால் கட்டடமே மிஞ்சாது. நிலம் மட்டும் பிரிபடாத பாகம் இல்லை, பொறுப்பும் பிரிபடாத பாகம்தான்.

புதுச் செயலாளர் தேர்தல் வந்தபோது நான் மறுபடி எழுந்தேன். எல்லோரும் பயந்தார்கள். "அந்த நோட்டைக் கொண்டு வாங்க சார்" என்றேன். இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வீடு மாதப் பணம் தனிக்கணக்கிலே சேருகிறது. முதல் பக்கத்திலே அவர் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அடுத்த வரியிலே மோட்டார், அதற்கடுத்து மொட்டை மாடித் தளம்.

ஆகவே நடுவர் அவர்களே! பணம் இல்லாதவன் கெட்டதைவிட, இருக்கும்போது நினைக்காதவன் கெட்டதே அதிகம். பொதுச்சொத்து பாழாவது முன்யோசனைப் பற்றாக்குறையாலேயே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, படி பார்த்து இறங்கி அமர்கிறேன்.