விரல் நுனியில் ஒரு கணினித் திரை



பார்வையற்றவர் கணினியைப் பயன்படுத்துகிறார் என்றால், கணினி பேசும், அவர் கேட்பார் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

'மனம்' என்றும் 'மணம்' என்றும் சொல்லிப் பாருங்கள். காதுக்கு எவ்வளவு வேறுபாடு தெரிகிறது? கண் உள்ளவர் எழுத்தைப் பார்த்து எது இரண்டு சுழி, எது மூன்று சுழி என்று தெரிந்துகொள்கிறார். கேட்டே படிக்கும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டுரை முழுவதையும் பலமுறை கேட்டிருப்பார், எழுதச் சொன்னால் எழுத்துப்பிழை மலியும். பிழை அவருடையதன்று. அந்தச் சொல்லை அவர் ஒரு முறைகூடப் 'பார்த்ததில்லை' என்பதே காரணம். நிரல் எழுதுவோருக்குச் சிக்கல் இன்னும் பெரிது. ஓர் அடைப்புக்குறி, ஒரு காற்புள்ளி, வரியின் தொடக்கத்தில் நான்கு வெற்றிடம் ஆகியவற்றைக் காதால் பிடிப்பது எளிதன்று. பார்வையோடு செவித்திறனும் இல்லாதவருக்கோ பேசும் கணினி வெறும் பெட்டிதான்.

இங்கேதான் பிரெயில் திரை வருகிறது. திரை என்கிறோமே தவிர அதில் ஒளி கிடையாது. விசைப்பலகைக்கு முன்னால் வைக்கும் ஒரு நீளமான பட்டைக் கருவி அது. அதன் மேல் வரிசையாகச் சிறு கட்டங்கள், பொதுவாக 20, 40 அல்லது 80 இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு ஊசிமுனைகள் மேலெழும்பும், கீழிறங்கும். கணினித் திரையில் உள்ள வரி, புள்ளிகளாக விரலுக்கடியில் எழும். ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த பகுதி வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகில் இன்னொரு சின்னப் பொத்தான் உண்டு. பிழையான எழுத்தின் மேல் உள்ள அந்தப் பொத்தானைத் தொட்டால், இடங்காட்டி நேரே அங்கே போய் நிற்கும். சுட்டியின் வேலையை அது செய்துவிடுகிறது.

லூயி பிரெயில் 1824இல் வகுத்தது ஆறு புள்ளி முறை. ஆறு புள்ளிகளைக் கொண்டு வெற்றிடத்தையும் சேர்த்து 64 வடிவங்களே கிடைக்கும். கணினிக்கு அது போதாது. எட்டுப் புள்ளியானால் 256 வடிவங்கள் கிடைக்கும். கணினி எழுத்துகளுக்கும், இடங்காட்டி நிற்கும் இடத்தைக் காட்டவும் கீழே உள்ள இரண்டு புள்ளிகள் பயன்படுகின்றன.

விலையைக் கேட்டால்தான் மலைப்பாக இருக்கும். 40 கட்டங்கள் என்றால் 320 ஊசிமுனைகள். ஒவ்வொன்றையும் தூக்குவது மின்னழுத்தம் பட்டதும் வளையும் ஒரு தனிப் படிகப் பட்டை. இத்தனை நுண்ணிய வேலை, அதுவும் மிகச் சிறிய சந்தைக்கு. அதனால் 40 கட்டக் கருவி பல ஆயிரம் அமெரிக்க வெள்ளி. கருவியை வாங்கியவர் அதை இயக்கும் மென்பொருளுக்கும் ஒரு காலத்தில் ஆயிரம் வெள்ளியை ஒட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. புதுப் பதிப்பு வந்தால் மறுபடியும் செலவு. வேலை தேடும் இளைஞருக்கு இது கட்டுப்படியாகுமா?

இந்தச் சுவரை உடைத்தவர்களில் பலர் பார்வையற்றவர்களே. லினக்ஸ் கணினியின் எழுத்துத் திரையைப் பிரெயிலில் காட்டும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற மென்பொருள் 1995இல் தொடங்கப்பட்டது. பெயரை ஒவ்வோர் எழுத்தாகத்தான் உச்சரிக்க வேண்டும், வாயில் நுழையாத பெயர்தான்! கணினி இயங்கத் தொடங்கும் கட்டத்திலேயே இது விழித்துக்கொள்ளும். டெபியன் வகை லினக்ஸை நிறுவும்போதே, செருகிய பிரெயில் கருவியைக் கண்டறிந்து வரிகளைக் காட்டுகிறது. வேறொருவர் துணையின்றிப் பார்வையற்றவர் தம் கணினியில் தாமே இயங்குதளத்தை நிறுவலாம் என்பது எத்தனை பெரிய விடுதலை!

விண்டோஸ் பக்கம் 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். கண் உள்ளவர் திரையைப் பார்க்கக் காசு தருவதில்லை, நாங்கள் மட்டும் ஏன் தர வேண்டும் என்பதே அவர்கள் வாதம். இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருள் பேசவும் செய்யும், பிரெயிலிலும் காட்டும். கூட்டத்திலோ நூலகத்திலோ பேச்சை நிறுத்திவிட்டு விரலால் மட்டும் படிக்கலாம்.

மூன்றாவதாக ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் ஜான் பாயர் பார்வையும் செவித்திறனும் அற்றவர். பிஆர்எல்டிடிஒய்யின் ஒரு பகுதியை அடிப்படையாக வைத்து 'லிப்லூயி' என்ற மொழிபெயர்ப்புத் தொகுப்பை உருவாக்கினார். அச்செழுத்தைப் பிரெயிலாக மாற்றும் விதிகள் மொழிவாரியாக அதில் அட்டவணைகளாக இருக்கின்றன. இன்று இலவச மென்பொருள்கள் மட்டுமல்ல, விலைக்கு விற்கப்படுபவையும் அதைப் பயன்படுத்துகின்றன. 2012இல் வெள்ளை மாளிகை அவரைப் பாராட்டியது. 2017இல் அவர் மறைந்தார். பேசும் கணினியால் எந்தப் பயனும் பெற முடியாத ஒருவர் எழுதியதை, பேசும் கணினி வைத்திருப்போரும் நம்பியிருக்கிறார்கள்.

அந்த அட்டவணைகளில் தமிழும் உண்டு. தமிழ்ப் பிரெயில், 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலைச் சேர்ந்தது. அதில் சில நுட்பங்கள் சுவையானவை. மெய்யெழுத்தின் தலைமேல் நாம் வைக்கும் புள்ளி, பிரெயிலில் எழுத்துக்கு முன்னே வரும். 'கொ' என்று அச்சில் எழுதக் கொம்பு, க, கால் என்று மூன்று உறுப்புகள் வேண்டும். பிரெயிலில் க, ஒ என்று இரண்டே கட்டங்கள், அதுவும் ஒலிக்கும் வரிசையிலேயே. கணினி நிரலோ இதையெல்லாம் விதி எழுதினால்தான் அறியும். விதியில் பிழை இருந்தால் விரலுக்கடியில் தவறான சொல் வரும். திறந்த மூல மென்பொருளின் பயன் இங்கேதான் தெரிகிறது. அட்டவணை யாரும் திறந்து படிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பு. பிழை கண்டவர் திருத்தி அனுப்பலாம். தமிழ் அறிந்தவர் திருத்தாவிட்டால் வேறு யார் திருத்துவார்?

எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட முடியாது. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வெளிவந்தபோது ஒரு தொல்லை கிளம்பியது. மின்னணுப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் ஆர்டுயினோ போன்ற பலகைகளைச் செருகினார்கள். கணினி அவற்றைக் காட்டவில்லை. விசாரித்தால் குற்றவாளி பிஆர்எல்டிடிஒய்! அந்தப் பலகைகளில் உள்ள அதே மலிவான இணைப்புச் சில்லு சில பிரெயில் கருவிகளிலும் இருந்தது. அடையாள எண்ணும் ஒன்றே. எனவே, பிரெயில் கருவிதான் வந்துவிட்டது என்று எண்ணி மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டது.

உடனே பரவிய அறிவுரை என்ன? பிஆர்எல்டிடிஒய்யை அழித்துவிடுங்கள் என்பதுதான். ஒரு வரிக் கட்டளை, சிக்கல் தீர்ந்தது. தனியொருவரின் வீட்டுக் கணினி என்றால் கேள்வியில்லை. கல்லூரிக் கூடத்திலோ அலுவலகத்திலோ பலர் பயன்படுத்தும் கணினியில் இப்படிச் செய்தால், அடுத்து அமரும் பார்வையற்றவரின் திரை அணைந்துபோகும். யார் அணைத்தார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. சரியான தீர்வும் வந்தது. பொதுவான அந்த அடையாள எண்களைத் தானாகப் பிடிக்க வேண்டாம் என்று விதி மாற்றப்பட்டது. ஆனால் அழிக்கச் சொல்லும் அறிவுரைதான் முதலில் ஓடியது.

இதன் மூலகாரணம் ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவியைத் தன் வழியில் பேச வைத்ததுதான். 2018இல் யூஎஸ்பி தர அமைப்பு, பிரெயில் கருவிகளுக்கென ஒரு பொதுத் தரத்தை அறிவித்தது. விசைப்பலகையைச் செருகியதும் எந்தக் கணினியும் அறிவதுபோல் பிரெயில் கருவியையும் அறிய அது வழிசெய்கிறது. விலையிலும் கொஞ்சம் அசைவு உண்டு. ஆர்பிட் ரீடர் என்ற 20 கட்டக் கருவி, வேறு இயக்கமுறையைக் கையாண்டு சில நூறு அமெரிக்க வெள்ளிக்கு வந்தது. பழைய கருவிகளைவிடச் சற்று மெதுவானது, எழும்பும் சத்தமும் கேட்கும். ஆனாலும் முதல் கருவியாக அதை வாங்குவோர் உண்டு.

நிறைவாகத் தமிழாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. இதைச் சோதித்துப் பார்க்கப் பிரெயில் கருவி தேவையில்லை. என்விடிஏயை இலவசமாகப் பதிவிறக்கி, பிரெயில் அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கருவிகள் பட்டியலில் உள்ள 'பிரெயில் பார்வையாளர்' என்பதைத் திறந்தால், திரையின் ஓரத்தில் புள்ளிகள் தோன்றும். 'அம்மா' என்று தட்டச்சு செய்யுங்கள். ஐந்து கட்டங்கள் வர வேண்டும்: அ, புள்ளி, ம, மறுபடி ம, ஆ. வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள். வராவிட்டால் எழுதி அனுப்புங்கள்.