கடைமடையில் நிற்பவரே தலைவர்

(பூந்தமல்லி வட்டாரத்தில் ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைமைப் பண்பைப் பற்றியும், பணியிடத்தில் ஒருவர் முன்னேறும் வகை பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இப்பொருள் பற்றி எழுந்த நூல்கள் ஏராளம். எனினும், இதன் சாரத்தை நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஏரிப் பாசனம் நடந்த ஊர்களில் நீர்க்கட்டி என்ற பணியாளர் இருந்தார். மதகைத் திறப்பதும், வாய்க்கால் வழியே வயல்தோறும் நீரைப் பங்கிடுவதும் அவர் கடமை. அறுவடைக் களத்தில் நெல்லாக அவருக்கு ஊதியம் அளந்தார்கள். அவர் நல்லவரா, அல்லரா என்பதை மதகருகே நின்று எவரும் முடிவு செய்ததில்லை. மதகருகே எப்போதும் தண்ணீர் இருக்கும். கடைமடைக் கழனி நனைந்ததா என்று பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

தலைமையையும் அவ்வாறே அளக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி. ஆணை பிறக்கும் இடத்தில் எல்லாம் செம்மையாகவே தோன்றும். அதன் பயன் போய்ச் சேரும் கடைசி இடத்தில்தான் உண்மை தெரியும்.

இரண்டு பணியிடங்கள்

நம் பகுதி கண்ட மாறுதலை நீங்கள் அறிவீர்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பெற்றது. அங்கே உருவான முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் வெளிவந்தது. அதே 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. ஏர் பிடித்த குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் கடைசல் எந்திரத்தின் முன் நிற்கலானார்கள். இன்றும் நம் சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஏற்றிச் செல்கின்றன. ஆகவே நம் மக்களுக்குப் பணியிடங்கள் இரண்டு. ஒன்று ஆலை; மற்றொன்று, ஊழியர்களும் கணக்கும் பொறுப்பும் கொண்ட ஊராட்சி. ஊராட்சியும் ஒரு பணியிடமே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரண்டிலிருந்தும் நம் அருகிலேயே நடந்த ஒவ்வோர் எடுத்துக்காட்டைச் சொல்லுகிறேன்.

பாடி தந்த பாடம்

டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர், போரில் நொடிந்திருந்த ஜப்பானில் 1950ஆம் ஆண்டு விரிவுரைகள் ஆற்றினார். பொருளைச் செய்து முடித்தபின் பழுதானதைப் பொறுக்கி எறிவதில் பயனில்லை, பழுது பிறக்கும் வேலைமுறையையே திருத்த வேண்டும் என்பது அவர் போதனை. வேலைமுறையை அமைப்பது நிருவாகம். ஆகவே பெரும்பாலான பழுதுக்கு நிருவாகமே பொறுப்பு என்றும் அவர் துணிந்து கூறினார். அவர் பெயரால் 1951 முதல் ஜப்பானில் ஒரு பரிசு வழங்கப்படுகிறது. 1998ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக அப்பரிசைப் பெற்றது, பாடியில் வாகனங்களுக்குக் காற்று பிரேக் செய்துவந்த சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. பின்னர் 2003இல் ரானே பிரேக் லைனிங் நிறுவனமும், 2004இல் பாடியின் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனமும் அதே பரிசைப் பெற்றன. நம் வீட்டு வாசலில் நடந்த செய்தி இது.

இத்தகைய ஆலைகள் கைக்கொண்ட முறைகளுள் தர வட்டம் என்பது ஒன்று. 1962இல் ஜப்பானில் தோன்றிய முறை அது. ஒரே பகுதியில் வேலை செய்யும் சிலர் வாரந்தோறும் சிறிது நேரம் கூடி அமர்வார்கள். தங்கள் வேலையில் உள்ள ஒரு குறையைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். அது எத்தனை முறை நேர்கிறது, எந்த வேளையில், எந்த எந்திரத்தில் என்று சில நாள் எண்ணிக் குறிப்பார்கள். காரணம் புலப்பட்டதும் ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பார்கள். பயன் தந்தால் அதையே அன்றாட வழக்கமாக எழுதி வைப்பார்கள். எழுதத் தயங்கிய தொழிலாளி இங்கே கணக்குக் குறிக்கப் பழகுகிறான். பேசக் கூசியவன் நாலு பேர் முன் விளக்கப் பழகுகிறான். பொருளின் தரம் உயரும்போதே அதைச் செய்யும் மனிதனின் தரமும் உயர்கிறது. மேற்பார்வையாளரின் வேலை அதட்டுவது அன்று, இந்த வளர்ச்சிக்கு இடம் கொடுப்பதே.

ஆளைத் தேடாதீர், காரணத்தைத் தேடுங்கள்

ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. பழுது நேர்ந்தால் "யார்?" என்று கேட்பதற்கு முன் "ஏன்?" என்று ஐந்து முறை கேட்பார்கள். இதை நம் ஊராட்சிக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஓர் ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மோட்டார் எரிந்து போயிற்று என்று வைத்துக்கொள்வோம். குடங்களோடு பெண்கள் காத்து நிற்கிறார்கள். "தொட்டி இயக்குபவர் சரியில்லை, ஆளை மாற்றுங்கள்" என்ற குரல் உடனே எழும். ஆளை மாற்றினால் ஊர் அமைதியடையும். மோட்டாரோ அடுத்த கோடையில் மீண்டும் எரியும்.

மோட்டார் ஏன் எரிந்தது? நீரின்றி வெறுமனே ஓடியது. ஏன் வெறுமனே ஓடியது? ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் இறங்கிவிட்டது. மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியும் இல்லை. கருவி ஏன் இல்லை? சென்ற முறை பழுது பார்த்தபோது அது கழற்றப்பட்டது, மீண்டும் பொருத்தப்படவில்லை. ஏன் பொருத்தவில்லை? தேவை என்று எவரும் எழுதிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இயக்குபவர் நாள்தோறும் குறிக்க வேண்டிய பதிவேட்டை எவரும் வாங்கிப் பார்ப்பதில்லை. தாம் சொன்னால் கேட்பார் உண்டு என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. பார்த்தீர்களா? தொட்டியடியில் தொடங்கிய கேள்வி ஊராட்சி அலுவலகத்து நாற்காலியில் வந்து முடிகிறது!

இதனால் தவறு செய்பவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்பது பொருளன்று. களவுக்கும் வஞ்சகத்துக்கும் சட்டம் உண்டு. ஆனால் அன்றாடக் குறைகளுள் மிகப் பல, கற்றுக்கொடுக்காமையாலும் கேட்டறியாமையாலும் விளைபவை.

குடிநீரின் கடைமடை எது? கடைசித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே ஒரு லிட்டர் நீரில் 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியருகே சோதித்து மன நிறைவு கொள்ளும் தலைவர் மதகருகே நிற்பவர். கடைசிக் குழாய்க்குச் சோதனைப் பெட்டியோடு நடந்து போய், இயக்குபவரையே சோதிக்கச் செய்து, நிறத்தை அவர் வாயாலேயே சொல்லக் கேட்பவர் கடைமடையில் நிற்பவர். அவ்வாறு நான்கு முறை நடந்தால், ஐந்தாம் முறை தலைவர் வராவிடினும் சோதனை நடக்கும்.

குத்தம்பாக்கத்தின் அனுபவம்

ஊராட்சி என்னும் பணியிடத்துக்கு எடுத்துக்காட்டு நம் பூந்தமல்லி ஒன்றியத்திலேயே உள்ளது. குத்தம்பாக்கத்தைச் சேர்ந்த திரு. இரங்கசாமி இளங்கோ வேதிப் பொறியியல் பட்டதாரி. அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் பார்த்துவந்த பணியைத் துறந்து ஊருக்குத் திரும்பினார். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப்பின் தமிழகத்தில் 1996இல் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்; 2001இல் மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் ஊரின் பணிகளுக்கு ஊரில் கிடைக்கும் பொருளையும் ஊராரின் உழைப்பையும் முதன்மையாகக் கொண்டார். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களைக் கொண்டு வீடுகள் எழுந்தன. அவை இரட்டை வீடுகள். ஒரு பக்கம் பட்டியல் இனக் குடும்பம், மறு பக்கம் பிற வகுப்புக் குடும்பம், இடையே பொதுச் சுவர் ஒன்றே. காலங்காலமாகச் சேரியென்றும் ஊரென்றும் பிரிந்து வாழ்ந்தவர்களை ஒரே சுவரின் இருபுறமும் குடியிருக்க இசையச் செய்வது எளிய செயலா? ஆணையிட்டு ஆகக்கூடியதா? மக்களோடு அமர்ந்து பேசிப் பேசி ஆக்கிய காரியம் அது.

அவர் பாதை மலர் தூவியதாகவும் இல்லை. கழிவுநீர்க் கால்வாய்ப் பணியில் வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்தி அவர் செலவைக் குறைத்தார். வேலைமுறை மதிப்பீட்டுக்கு மாறாக இருந்ததால் விசாரணை எழுந்தது. சில காலம் பதவியும் தடைப்பட்டது. கிராம சபை அவர் பக்கம் நின்றது. பொறுப்பு மீண்டும் அவர் கைக்கு வந்தது. பின்னர் 2001இல், மற்ற ஊராட்சித் தலைவர்கள் பயிலுவதற்கென ஓர் ஊராட்சிப் பயிலகத்தையும் அவர் தொடங்கினார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. மக்கள் முன் கணக்கை விரித்து வைத்த தலைவருக்குத் துன்பம் வரும் நாளில் மக்களே காவல். அடுத்தது, அலுவலர் என்ற முறையில் நான் வற்புறுத்துவது: சிக்கன வழி ஒன்று தோன்றினால், வேலை தொடங்குமுன் ஒன்றியப் பொறியாளரிடம் கூறித் திருத்திய மதிப்பீடு பெறுங்கள், மன்றத்தில் தீர்மானமாக எழுதுங்கள். விதி என்பது வாய்க்காலின் கரை போன்றது. நீரின் வேகத்தைத் தடுப்பதற்காகக் கரை இல்லை; நீர் சேர வேண்டிய இடம் சேர்வதற்காகவே உள்ளது. அதே வேளையில், நல்ல யோசனையோடு வரும் தலைவரைக் கோப்பைக் காட்டித் திருப்பி அனுப்பாமல், விதிக்குள் வழி கண்டு கொடுப்பது எம்போன்ற அலுவலர்களின் கடமை என்பதையும் இம்மேடையிலேயே ஒப்புக்கொள்ளுகிறேன்.

வளர்வதும் வளர்ப்பதும்

இனி, பணியில் முன்னேறுவது பற்றிச் சில சொற்கள். ஆலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்கிறார்கள். ஆண்டுகள் சென்றும் சேர்ந்த நிலையிலேயே நிற்கிறார்கள். ஒரே எந்திரம், ஒரே அசைவு. ஒப்பந்தம் முடிந்தால் கையில் சான்றும் இல்லை. அவர்களுக்குப் பெற்றோர் கூற வேண்டுவது யாதெனில், முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்காதே. கற்றுக்கொள்ள இடம் உண்டா என்று பார் என்பதே. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். அம்பத்தூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. ஆலைக்குள் சேர்ந்தபின்னும், பக்கத்து எந்திரத்தைப் பழகுபவனும், அன்றாடம் கண்டதைச் சிறு குறிப்பேட்டில் எழுதுபவனும், புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் மேற்பார்வையாளனாக உயரும் தகுதியைத் தேடிக்கொள்கிறான். தனக்குத் தெரிந்த நுட்பத்தை மறைத்து வைப்பவன் தன் இடத்தைக் காத்துக்கொள்வதாக எண்ணுகிறான்; உண்மையில் அந்த இடத்திலேயே தன்னைக் கட்டிப்போட்டுக் கொள்கிறான்.

ஊராட்சியிலும் அப்படியே. செயலர் ஒருவருக்கே கணக்குத் தெரியும், இயக்குபவர் ஒருவருக்கே வால்வுகள் இருக்கும் இடம் தெரியும் என்ற நிலை இருந்தால், அவ்வூழியர் விடுப்பெடுக்கும் நாளில் ஊரே விடுப்பெடுக்கும். வால்வுகளின் வரைபடம் ஒன்றை அவர் கையாலேயே வரையச் செய்து சுவரில் மாட்டுங்கள். தூய்மைக் காவலர்களைக் கிராம சபையில் ஓரத்தில் நிறுத்தாமல், எந்தத் தெருவில் என்ன இடர் என்று எழுந்து சொல்லச் செய்யுங்கள். மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தில் பயிற்சி என்று அழைப்பு வந்தால், "வேலை கெடும்" என்று தடுக்காமல் அனுப்பிவையுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் வகுத்தது. சட்டம் நாற்காலியைத் தரும்; அதில் அமர்வது நம் கையில் உள்ளது. மனைவி தலைவராக இருக்கக் கணவர் கூட்டம் நடத்துவது சில ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இதனால் அந்த அம்மையார் ஐந்து ஆண்டுகளில் கற்றிருக்க வேண்டியது வீணாகிறது. ஊரும் ஒரு தலைவரை இழக்கிறது. ரொக்கப் புத்தகத்தை நீங்களே புரட்டுங்கள். புரியாத வரியைச் செயலரிடம் கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை, பாராமல் கையெழுத்திடுவதில்தான் இடர் உண்டு. முதல் மாதம் பத்து வரி புரியாது. ஆறாம் மாதம் பிழை எங்கே என்று நீங்களே சுட்டுவீர்கள்.

இன்று முதல் செய்யக்கூடியவை

நீண்ட திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் காலையில் கடைசித் தெருவுக்கு நடந்து செல்லுங்கள். மாதத்துக்கு ஒரு முறை ஊராட்சி ஊழியர் அனைவரையும் வட்டமாக அமர்த்தி, ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு "ஏன்?" என்று கேளுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். கண்ட காரணத்தையும் செய்த மாற்றத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆண்டில் கிராம சபை கூடும் நாட்களில் அக்குறிப்பேட்டை மக்கள் முன் படியுங்கள்.

பதவிக்குக் காலவரையறை உண்டு. தலைவர் மாறுவார்; அலுவலரும் மாறுதலாகிச் செல்வார். நாம் போனபின் குழாயில் நீர் வருமா, கணக்குச் சரியாக எழுதப்படுமா, இயக்குபவர் தாமே குளோரினைச் சோதிப்பாரா? இவற்றுக்கு "ஆம்" என்ற விடை வருமானால், நாம் ஆளை அதட்டி வேலை வாங்கவில்லை, ஆளை ஆக்கிவிட்டுச் சென்றோம் என்று பொருள். அத்தகைய தலைவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் பெருகுவார்களாக.