கிடாரி வாங்கும் முன் காளையையும் கேளுங்க

(முத்தாபுதுப்பேட்டையில் கறவை மாடு வளர்ப்போரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆவடி, பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை பக்கம் மேய்ச்சல் நிலம் குறைந்துபோச்சு. புல், தவிடு, புண்ணாக்கு எல்லாமே காசு. இந்த நிலையில் ஒரு கிடாரி வாங்குவது குடும்பத்துக்குப் பெரிய முடிவு. விற்பவர் என்ன சொல்வார்? "இதோட தாய் 12 லிட்டர் கறக்குதுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்கலாமா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஊர் மாடுகளின் சராசரி 8 லிட்டர் என்று வையுங்கள். தாய் மாடு 12. வித்தியாசம் 4 லிட்டர். இந்த நாலும் ரத்தத்தில் வந்ததில்லை. தீவனம், தண்ணீர், எத்தனையாவது ஈற்று, கொட்டகை என்று எல்லாம் சேர்ந்து வந்தது. மாட்டுக்கு மாடு காணும் பால் வித்தியாசத்தில் சுமார் கால் பங்குதான் மரபுவழி வருவது என்கிறது கால்நடை மரபியல். ஆக, 4 லிட்டரில் 1 லிட்டர். கன்று தாயிடம் பாதி, காளையிடம் பாதி வாங்குவதால், தாயை வைத்து நாம் எதிர்பார்க்கக்கூடியது சராசரியாக அரை லிட்டர்! மீதியைக் காளையும் உங்க கவனிப்பும்தான் தரணும்.

எல்லாக் குணத்துக்கும் இந்தப் பங்கு ஒன்றாக இருக்காது. பாலின் கொழுப்புச் சதவீதத்தில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருகிறது. ஆவின் சங்கத்தில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தானே விலை? அதனால் லிட்டரை மட்டும் கேட்காமல், கொழுப்பு எவ்வளவு என்றும் கேளுங்க. ஒரே மாடு வைத்திருப்பவர் என்றால் சங்கத்துப் பால் சீட்டைக் காட்டச் சொல்லுங்க.

சினை பிடிப்பது நேர்மாறு. அதில் மரபுவழிப் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே. எனவே இரண்டு ஊசி போட்டும் நிற்கவில்லை என்றதும், "வம்சமே அப்படி" என்று மாட்டை விற்றுவிடாதீங்க. தாது உப்புக் கலவை கொடுக்கிறோமா, வேளை தவறாமல் ஊசி போடுகிறோமா என்று பாருங்க. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. அதோடு மருத்துவரிடம் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்க.

இறைச்சிப் பண்புகள், அதாவது கறியின் எடை, கொழுப்புப் படிவு போன்றவை, ஓரளவு நன்றாகவே மரபில் இறங்கும். பத்தில் நாலு பங்கு வரை சொல்கிறார்கள். அயர்லாந்தில் பால் பண்ணை மாடுகளுக்கு ஏற்ற இறைச்சி இனக் காளையைத் தேர்ந்தெடுக்க 2019 முதல் தனி மதிப்பெண்ணே இருக்கிறது. நம்ம மாநிலத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 10 வயது கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்ட முடியும். அதனால் இங்கே மாட்டில் பாலைத்தான் பார்க்கிறோம். இந்தக் கறிக் கணக்கு நமக்கு உதவுவது, திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சொந்தமான சென்னை சிவப்பு செம்மறியில். கிடா தேர்வு செய்யும்போது வளர்ச்சி எடையைப் பாருங்க.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்க. கறியின் அளவு வெட்டிய பிறகுதான் தெரியும். வெட்டிய மாடு கன்று போடாது. காளையும் பால் கறக்காது. அப்போ காளையின் தரத்தை எப்படி அறிவது? அதன் பிள்ளைகளைக் கணக்கெடுத்துத்தான். பல வீடுகளில் இருக்கும் அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்ற பதிவுதான் அந்தக் காளையின் சான்றிதழ். ஒரு வீட்டுப் பதிவு விட்டுப்போனாலும் அந்தச் சான்று பலவீனமாகும்.

அதற்குத்தான் உங்க மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை. அந்த எண்ணில்தான் கருவூட்டல், தடுப்பூசி, கன்று ஈனியது எல்லாம் 'பாரத் பசுதன்' கணினிப் பதிவில் ஏறுகின்றன. ஊட்டி, ஓசூர், ஈச்சங்கோட்டை உறைவிந்து நிலையங்களிலிருந்து வரும் குச்சியிலும் காளையின் எண் அச்சாகி இருக்கும்.

நீங்க செய்ய வேண்டியது மூன்றுதான்:

1. சினை ஊசி போடும்போது குச்சியில் உள்ள காளை எண்ணையும், மாட்டின் காது வில்லையையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்க. தேதி தானாகப் பதிவாகிவிடும்.

2. ஊசி போட்டதும், கன்று ஈன்றதும் அந்த எண்ணில் பதிவாகிவிட்டதா என்று உங்க கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. கன்றுக்கும் வில்லை போடச் சொல்லுங்க.

3. கிடாரி வாங்கும் முன் வில்லை எண்ணையும் காளை எண்ணையும் கேட்டுப் பாருங்க. மாட்டுக்கு அவசர சிகிச்சை என்றால் 1962 எண்ணை அழையுங்க.

நாளைக்கு நீங்க ஒரு கிடாரியை விற்கும்போது, "தாய் நல்லா கறக்கும்" என்று சொல்வதோடு, "காளை இது, பதிவு இதோ" என்று படத்தைக் காட்டுங்க. அந்தக் கிடாரிக்கு விலை பேசுவதே வேற மாதிரி இருக்கும்.