அரிசி வாசத்தோடு வந்த திருடன்
(ராஜபாளையம் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் பயிற்சி முடிய நேரமாகிவிட்டது. கடைசி பஸ்சும் போய்விட்டதால் 14 பேரும் பயிற்சிக் கூடத்திலேயே படுத்தோம். அன்று நாங்கள் நடத்திய பாடம் 'பெண்களும் துணிவும்'.

நடுராத்திரியில் ஓட்டுக்கு மேலே தடதடவென்று சத்தம். அன்று வசூலான சந்தாவும் பதிவேடுகளும் டிரங்குப் பெட்டியில். "ஐயோ, திருடன்!" என்று அலறி, முதலில் பெஞ்சு மேல் ஏறியது பாடம் நடத்திய நாங்கள்தான்!

மூத்த அக்கா ஒருவர் மட்டும் மோந்து பார்த்து, "அரிசி வேகுற வாசம் வருதே, இது மரநாய்டி!" என்றார். டார்ச் அடித்தால், காலைக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் இரண்டு கண்கள்! சிலர் விளக்குமாற்றைத் தூக்கினார்கள்.

"அடிக்காதீங்க. மூலையில மடக்குனா கடிக்கும். கதவைத் திறந்துட்டு லைட்டை அணைங்க" என்றார் அக்கா. ஐந்து நிமிடத்தில் அது போய்விட்டது. பணம் பத்திரம், நஷ்டக் கணக்கில் ஆறு பழம்!

மரநாய் எலியைத் தின்னும், பழ விதைகளைப் பரப்பும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். நம்ம மலை 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-ல் புலிகள் காப்பகமும் ஆனது. ஆகவே இப்படி விருந்தாளி வரத்தான் செய்யும். வழி விடுங்கள், போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் துணிவுப் பாடம் எடுக்கப்போவது அந்த அக்காதான். நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்கப்போகிறோம்!