தேய்ந்த எடைக்கல்



அமெரிக்காவில் ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951-ல் வந்த சட்டம் அது. நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது.

அங்கே 1978-ல் அதிபர் ஜெயவர்த்தனா அரசியலமைப்பு கொண்டுவந்தார். அதிபருக்கு இரண்டு தடவைதான் என்று அதில் எழுதினார். தாமும் அப்படியே 1989-ல் இறங்கினார். கைதட்டிவிடாதீர்கள், பொறுங்கள்! 1982-ல் நாடாளுமன்றத் தேர்தலை நடத்தாமல், விளக்கா குடமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். விளக்கு என்றால் தேர்தல் வேண்டாம் என்று அர்த்தம். விளக்கு ஜெயித்தது. 1977-ல் வந்த நாடாளுமன்றம் 1988 டிசம்பர் வரை கலையவே இல்லை!

பல ஆண்டுகள் கழித்து மகிந்த ராஜபக்ச. 2005-ல் வென்றார், 2010-ல் வென்றார். மூன்றாவதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. அதே 2010 செப்டம்பரில் அவசர மசோதா, 18-ஆம் திருத்தம். நாடாளுமன்றத்தில் 161 பேர் ஆதரித்தார்கள். இரண்டு தடவை என்ற வரம்பே காணாமல் போனது. நான் கேட்கிறேன், நம் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் தராசு பிடிக்கிறவனே எடைக்கல்லைத் தேய்த்தால் சும்மா விடுவீர்களா? கல்லுக்கு முத்திரை வைக்க வெளியாள் வருவது எதற்கு?

2014 நவம்பர். மகிந்தவோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்ட மைத்திரிபால சிறிசேன, மறுநாள் அவரையே எதிர்த்து வேட்பாளராக நின்றார். அந்த அப்பம் அங்கே இன்றும் பேச்சு! 2015 ஜனவரி 8-ல் மகிந்த தோற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு 74 வாக்கு சிறிசேனவுக்கு. அந்த மாவட்டத்து மக்கள் சட்டப் பிரிவைப் படித்துவிட்டு வாக்குப் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2009-ல், மகிந்த ஆட்சியில், போர் முடிந்த முள்ளிவாய்க்காலைப் பார்த்தவர்களுக்குத் திருத்தத்தின் நம்பர் எதற்கு?

சிறிசேன வந்ததும் 19-ஆம் திருத்தம் வந்தது. இரண்டு தடவை வரம்பு திரும்பியது, அதிபரின் ஆறாண்டுப் பதவிக்காலம் ஐந்தாண்டானது. நல்ல காரியம். ஆனால் 2018 ஜனவரியில் அதே மனிதர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கேள்வி அனுப்பினார்: "நான் ஆறு வருஷம் இருக்கலாமா?"

ஐந்துதான் என்றது நீதிமன்றம். 2019 நவம்பரில் இறங்கிப் போனார்.