தன் தெருவில் தொடங்கியவர்

(ஊர்ப்புற இளைஞர் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)



நேற்று மாலை உங்களுள் ஒருவர் என்னைத் தனியே அணுகினார். “ஐயா, எங்கள் குடும்பத்தில் அரசியலில் இருந்தவர் எவருமிலர். பணமும் இல்லை, நகரத்துப் பழக்கமும் இல்லை. என்போன்ற ஊர்ப்புறத்தான் பொதுவாழ்வுக்கு வர வழி எது?” என்று வினவினார். உடனே விடைகூற என்னால் இயலவில்லை. இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன். அறிவுரை கூறுவதினும், அவ்வழியில் நடந்து காட்டிய ஒருவரை உங்கள்முன் நிறுத்துவதே நன்றென்று தோன்றியது. நான் நிறுத்த விரும்புபவர் பூதப்பாண்டி தந்த ப. சீவானந்தம் அவர்கள்.

அவர் சேர்ந்த கட்சியும் நம் இயக்கமும் ஒன்றல்ல. அவர் ஒருகால் நம் கொள்கையைத் தழுவிநின்று, பின்னர் விலகிச் சென்றவருங்கூட. அதனையும் மறையாது கூறுவேன். மறைத்துக் கூறும் வரலாறு இளைஞர்க்கு உரமாகாது.

நாஞ்சில் நாட்டில், பழையாறு பாயும் வயல்களுக்கு நடுவே, தாடகை மலையின் அண்மையில் அமைந்த ஊர் பூதப்பாண்டி. இன்று அது குமரி மாவட்டத்தில் உள்ளது. அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அவ்வூரில் 1907 ஆகத்து 21ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. நெல் விளையும் நாடு, கோயில் உடைய ஊர், கல்விக்குக் குறையில்லை. ஆனால் எந்தத் தெருவில் எவர் நடக்கலாம், எந்தக் குளத்தில் எவர் இறங்கலாம் என்பதைப் பிறப்பே வரையறுத்த காலம் அது.

பள்ளிப் பருவத்தில் அவருக்குத் தோழர் ஒருவர் இருந்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். அத்தோழருக்குக் கதராடை உடுத்தி, அவர் நடக்கக்கூடாதெனத் தடுக்கப்பட்டிருந்த தெருக்களின் வழியே சீவானந்தம் அழைத்துச் சென்றார் என்று அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஊர் கொதித்தது. வீடு கொதித்தது. அடங்கி வாழ்க, அன்றேல் வெளியேறுக என்ற நிலை வந்தபோது அவர் வெளியேறினார்.

இளைஞர்களே, இங்குச் சற்றே நின்று எண்ணுங்கள். அவ்விளைஞர் முதன்முதலில் எதிர்த்தது வெள்ளையனை அன்று. தொலைவிலுள்ள தலைநகரை அன்று. தாம் பிறந்த தெருவை; தம்மைச் சோறூட்டி வளர்த்த வீட்டை. வெள்ளையனை எதிர்த்தால் ஊர் மாலையிடும். ஊரை எதிர்த்தால் மாலையிட எவர் வருவார்? பொதுவாழ்வின் முதல் வாயில் அதுதான். அவ்வாயிலில் நுழையாமல் மேடையேறியவர் பலரை நாம் அறிவோம்.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக அறப்போர் எழுந்தது. தந்தை பெரியார் அங்குச் சென்று சிறைப்பட்டார். ஏறத்தாழப் 17 அகவையினரான சீவானந்தமும் அப்போரில் பங்கேற்றார். பின்னர் 1926இல் அவர் ஊருக்கு அண்மையிலேயே உள்ள சுசீந்திரத்தில் அதே உரிமைக்காக எழுந்த போரிலும் நின்றார். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னரே எல்லாக் குடியினர்க்கும் கோயிற்கதவைத் திறந்து ஆணையிட்டார். எந்தச் செயலுக்காக ஓர் இளைஞன் வீடிழந்தானோ, அச்செயல் சில ஆண்டுகளில் அரசின் ஆணையாயிற்று. தொண்டன் முன்னே நடக்கிறான். சட்டம் பின்னே வருகிறது.

வீட்டை விட்டவர் வ. வே. சு. ஐயரின் சேரன்மாதேவிக் குருகுலத்திற்குச் சென்றார். அங்கும் பிறப்பைப் பார்த்துப் பந்தி பிரித்தனர். நாட்டு விடுதலைக்கென எழுந்த நிலையத்திலேயே உணவுக்குத் தனித்தனி இலையா எனத் தமிழகமே கொதித்த நிகழ்ச்சி அது. சீவானந்தம் அங்கிருந்தும் வெளியேறினார். வீட்டை விட்டவர்க்குக் குருகுலத்தை விடுவது அரிதாகவில்லை.

பின்னர்க் காரைக்குடியை அடுத்த சிராவயலில், வள்ளல் ஒருவரின் துணையோடு அமைந்த காந்தி ஆச்சிரமத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கு அவர் செய்தது என்ன? மேடை முழக்கமா? இல்லை. பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். இராட்டை சுற்றக் கற்பித்தார். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளை ஒரே இடத்தில் அமர்த்தினார். இருபது அகவை இளைஞர் ஒரு சிற்றூரில் இருந்து செய்த பணி அவ்வளவே. 1927 செப்டம்பரில் செட்டிநாட்டுக்கு வந்த காந்தியடிகள் அச்சிற்றூருக்கும் வந்தார். உமக்கு உடைமை எவ்வளவு உண்டு என்று அடிகள் வினவ, இந்தியாவே என் உடைமை என்று இவர் விடையிறுத்தார். இல்லை, நீர்தாம் இந்தியாவின் உடைமை என்று அடிகள் கூறினார் என ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பெரியவர் தேடிவந்தது அவர்தம் பேச்சைக் கேட்டன்று, பணியைக் கேட்டு.

இனி, நம் இயக்கத்தைத் தொடும் இடத்திற்கு வருகிறேன்.

அந்நாளில் மறைமலையடிகளின் தனித்தமிழ்க் கொள்கை கற்ற இளைஞர் பலரை ஈர்த்தது. 1916 தொடங்கி அடிகள் ஏந்திய விளக்கு அது. வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என மாற்றிக்கொண்டவர் அவர். சீவானந்தமும் அவ்வொளியில் நின்று தம் பெயரை ‘உயிரின்பன்’ என மாற்றிக்கொண்டார். சீவன் உயிர்; ஆனந்தம் இன்பம். சொல்லுக்குச் சொல் பொருந்திய அழகிய பெயர். ஆனால் அப்பெயர் நிலைக்கவில்லை. பல்லாவரத்தில் அடிகளைக் காணச் சென்றபோது, கதவைத் தட்டிய ஓசை கேட்ட அடிகள், அஞ்சற்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாலேயே “யார்?” என வினவியதாகவும், அதனால் உள்ளம் தளர்ந்த இவர் பழைய பெயருக்கே மீண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது.

இக்கதையை நம்மவர் கேட்க விரும்புவதில்லை. நானும் நெடுநாள் வெறுத்தேன். நாவிற் பழகிய சொல் ஒன்று நழுவுவது கொள்கைப் பிழையாகுமா? அடிகள் யாத்த நூல்கள் நிற்கின்றனவே! என்று வழக்காடினேன். இன்றும் அதுவே என் கருத்து. எனினும் அக்கதை என்னை வேறோர் இடத்தில் தைத்தது. அதனை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்லூரியில் தமிழ் பயின்று, பெயரையும் தூய தமிழாக்கிக்கொண்டு, ஆசிரியப் பணியேற்ற இளமைக் காலம். என் ஊர்த் தெருமுனையில் ‘டீ ஸ்டால்’ என்றொரு பலகை தொங்கியது. கடைக்காரரிடம் பலநாள் பேசி, என் கைப்பணத்தில் வண்ணம் வாங்கி, ‘தேநீர்க் கடை’ என எழுதுவித்தேன். நண்பர்கள் பாராட்டினர். எனக்கும் பெருமிதம். மறுநாள், ஊருக்குப் புறத்தேயுள்ள குடியிருப்பிலிருந்து வரும் மாணவன் ஒருவன், எட்டாம் வகுப்பினன், பள்ளியில் என்னிடம் கேட்டான்: “ஐயா, பலகையை மாற்றிவிட்டீர்கள். எங்கள் குவளையை எப்பொழுது மாற்றுவீர்கள்?”

அக்கடையில் இரண்டு வகைக் குவளைகள் இருந்தன. ஊராருக்குக் கண்ணாடிக் குவளை. அவர்களுக்குக் கூரையோரத்தில் செருகி வைத்த வேறு குவளை. குடித்தபின் அவர்களே கழுவி வைக்க வேண்டும். பலகையில் ஒற்றுமிகுமா மிகாதா என்று ஆராய்ந்த என் கண்ணுக்கு அக்குவளை புலப்படவில்லை. நாள்தோறும் அங்கு அமர்ந்து தேநீர் பருகியவன் நான்.

அன்று மாலை, கூரையோரத்துக் குவளையிலேயே எனக்கும் தருமாறு கேட்டேன். கடைக்காரர் திகைத்தார். உறவினர் முகந்திருப்பினர். நெருங்கிய வீட்டுத் திருமணம் ஒன்றிற்கு எனக்கு அழைப்பு வரவில்லை. ஓராண்டு கழித்தே அக்கடையில் எல்லார்க்கும் ஒரே குவளையாயிற்று. என் இழப்பு அவ்வளவே. சீவா இழந்ததன்முன் அது தூசுக்கும் நிகராகாது. எனினும் அன்றுதான் உணர்ந்தேன்: அவர் தெருவில் தொடங்கிப் பெயருக்கு வந்தார், நான் பெயரில் தொடங்கித் தெருவுக்கு வரவே மறந்தேன்.

பெயரை விட்ட சீவா தமிழை விட்டாரா? அதனையும் பார்ப்போம்.

1932இல் சட்டமறுப்புப் போரில் பேசியதற்காகச் சிறை சென்றார். அங்கு வடநாட்டுப் புரட்சியாளரோடு பழகினார். தன்மதிப்பு இயக்கத்தில் தந்தை பெரியாரோடு உழைத்தார். பகத் சிங் சிறையிலிருந்து எழுதிய கடவுள் மறுப்புக் கட்டுரையைத் தமிழாக்கி, அதற்காகவும் தளைப்பட்டார். பின்னர்க் கருத்து வேறுபட்டுப் பொதுவுடைமை வழியிற் சென்றார். 1937இல் தொடங்கிய ‘சனசக்தி’ இதழை நடத்தினார். நாடுகடத்தல், தலைமறைவு, மீண்டும் சிறை. இவற்றுள் எதுவும் நாற்காலியை நோக்கிய படிக்கட்டன்று. ஒவ்வொரு படியும் கீழ்நோக்கியே இறங்கியது. ஏழையின் குடிசை இருக்கும் திசையில் இறங்கியது.

அகவை வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத்தேர்தலில், 1952இல், வடசென்னையின் உழைப்பாளர் வாழும் வண்ணாரப்பேட்டை மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். வீட்டை விட்டு வெளியேறியபின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் தொண்டு செய்து, அதன்பிறகே அவர் அம்மன்றத்துள் நுழைந்தார். நுழைந்தவர் அங்குத் தமிழிலேயே முழங்கினார். ஆட்சி தமிழில் நடக்க வேண்டும், கல்வி தமிழில் அமைய வேண்டும், வழக்குமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என வாதாடினார். கூலிக்காரனுக்கு விளங்காத மொழியில் அவனை ஆளும் ஆட்சி குடியாட்சியாகாது என்பதே அவர் வாதத்தின் சாறு. 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அவர் பிறந்த ஊரும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டவரைவு அம்மன்றத்திலேயே நிறைவேறியது. இவை பலர் உழைப்பால் விளைந்தவை. அப்பலருள் உயிரின்பன் என்ற பெயரைத் துறந்த அவரும் ஒருவர். பெயர் போயிற்று, பணி நின்றது. நம்முள் எத்தனை பேருக்குப் பெயர் நின்று பணி போயிற்று என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோம்.

1957 தேர்தலில் அவர் வெல்லவில்லை. தோற்றவர் மூலையில் முடங்கினாரா? ‘தாமரை’ என்னும் இலக்கிய இதழைத் தொடங்கினார். 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தை நிறுவினார். ஊர் ஊராகச் சென்று பாரதியையும் கம்பனையும் எழுத்தறியா மக்களுக்கும் எடுத்துரைத்தார். தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். முதலமைச்சர் காமராசர் ஒரு பள்ளி விழாவிற்கு அவரை உடனழைத்துச் செல்ல அக்குடிசைக்கு வந்தபோது, நீங்கள் முன்செல்லுங்கள், பின்வருகிறேன் என்று அனுப்பிவிட்டுக் காலந்தாழ்த்து வந்தார்; இருந்த ஒரே நல்ல வேட்டியைத் துவைத்து உலர்த்தி உடுத்தி வந்தமையே அதற்குக் கரணியம் என்பர். ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒருவரையொருவர் மதித்த காலம் அது. 1963 சனவரி 18ஆம் நாள் அவர் மறைந்தபோது விட்டுச்சென்ற உடைமை, அவர் பேச்சைக் கேட்டவர்களின் நினைவு ஒன்றே.

நேற்று வினவிய தம்பியே, இப்பொழுது விடை கூறுகிறேன். குடும்பப் பெயர் இல்லையே என்று வருந்தாதே. அவர் தம் குடும்பத்தை இழந்தே தொடங்கினார். பணமில்லையே என்று அஞ்சாதே. அவரிடம் இரண்டாவது வேட்டி இல்லை. ஆனால் உன் ஊரில் எந்தக் குவளை கூரையோரத்தில் இருக்கிறது என்று போய்ப் பார். எந்தச் சுடுகாட்டுக்குப் பாதையில்லை, எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் செல்லவில்லை, எந்தப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது என்று ஏட்டில் எழுது.

சீவாவுக்கு இல்லாத கருவி ஒன்று உனக்கு இருக்கிறது. 1992இல் செய்த அரசியலமைப்புத் திருத்தமும், 1994இல் தமிழ்நாட்டில் இயற்றிய ஊராட்சிச் சட்டமும் ஊரவைக்கு இடமளித்துள்ளன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் முதலிய நாள்களில் அது கூடும். 18 அகவை நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கு எழுந்து கேட்கலாம். 21 நிரம்பினால் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். எத்தனை ஊரில் நாம் எழுந்து கேட்கிறோம்? கையொப்பம் இட்டுவிட்டுத் திரும்புவோரே மிகுதி. எழுதிய ஏட்டோடு அடுத்த ஊரவைக்குச் செல். செலவுக் கணக்கைத் தமிழில் படிக்கச் சொல். விளங்கவில்லையெனில் விளங்கும்வரை கேள். மொழித்தொண்டும் மக்கள்தொண்டும் ஒன்றாகும் இடம் அதுவே.

முதலில் உன் உறவினரே சினப்பர். ஓர் அழைப்பிதழ் வராது போகலாம். அன்று, வழி தவறிவிட்டோமோ என்று ஐயுறாதே. முதல் வாயிலைக் கடந்துவிட்டாய் என்று அறிந்துகொள்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவன் இன்று ஓர் ஊராட்சியில் உறுப்பினராக இருக்கிறார். அவருக்குப் பாடம் சொன்னவன் நான் என்பர். பாடம் சொன்னவர் அவர், கேட்டவன் நான்.

வாழ்க தமிழ்! வளர்க தொண்டு!