ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்



இன்று பட்டம் பெறும் அன்புத் தங்கைகளே, தம்பிகளே, 2009இல் இதே மேடையில் நானும் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்தது. சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து முன்பணம் கட்டி, தவணையில் ஒரு பைக் எடுத்தேன். 2010 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அதில் கிளம்பினேன். திண்டிவனம் தாண்டியபோது நன்றாக இருட்டிவிட்டது. முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், பின்விளக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் கண்ணில் அது பட்டபோது எங்களுக்கு நடுவே இருபது மீட்டர்கூட இல்லை. என் வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தது.

வெகுகாலம் அந்த டிராக்டரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு இல்லாமல் ஓட்டியது தவறுதான். ஆனால் 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி போய்விடும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்தச் சமன்பாட்டைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். தாளில் எழுதியதைச் சாலையில் நம்பவில்லை. நம்பாத படிப்பு எவ்வளவு இருந்தாலும் அது நம்மைக் காக்காது என்பதை அந்த இரவு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நான் பிழைத்ததற்கு முதல் காரணம், பெயர் தெரியாத ஓர் அக்கா. செங்கல்பட்டு தாண்டி ஒரு பங்க்கில் பெட்ரோல் போட நின்றேன். கழற்றிய ஹெல்மெட்டை டேங்க்மேல் வைத்தபடியே கிளம்பப் பார்த்தேன். பெட்ரோல் போட்ட அந்த அக்கா, "தலையில மாட்டிக்கிட்டுப் போப்பா, வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். அவர் சொன்னதற்காக மாட்டினேன், வாரையும் பூட்டினேன்.

பிறகு அந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன். வலப்பக்கம் பிளந்து, உள்ளே இருந்த தெர்மாகோல் அப்பளமாக நொறுங்கியிருந்தது. அது நசுங்குவதற்கு ஆகும் சில மில்லிவிநாடிகளில்தான் நம் தலை படிப்படியாக வேகம் குறைந்து நிற்கிறது. அந்தச் சிறு அவகாசம் மூளையைக் காக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாதவர்கள். அந்த ஒவ்வொருவர் வழியிலும் இப்படி ஓர் அக்கா நின்றிருக்கக்கூடாதா என்று என் மனம் அடித்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் ஓர் அண்ணன். எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. வண்டிகள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. அவற்றை ஓட்டியவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடிபட்டவனைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் அன்று எல்லோருக்கும் இருந்தது. கடைசியில் காய்கறி ஏற்றிய ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டி நின்றது. அதை ஓட்டிவந்த அண்ணன் இறங்கி ஓடிவந்தார். தோளில் கிடந்த துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே 108க்குப் போன் போட்டார். "தூங்கிடாத தம்பி. பேரச் சொல்லு, ஊரு எதுன்னு சொல்லு" என்று ஆம்புலன்ஸ் வரும்வரை என்னைப் பேச வைத்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனைக்கும் பின்னாலேயே வந்தார். என் பெயரைப் பத்து முறை கேட்டவர், அங்கே அவருடைய பெயரைக் கேட்டதும் சொல்லாமல் போய்விட்டார். அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. பயத்தோடுதான் நின்றிருக்கிறார்.

அவருக்கு அன்று இல்லாத பாதுகாப்பு இன்று உங்களுக்கு இருக்கிறது. விபத்தில் உதவுகிறவர்களைக் காக்கும் நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புவரை அரசே ஏற்கிறது. ஆகவே, நிற்பதற்குத் தயங்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் என் வாழ்க்கையை மாற்றியது. காலில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு எலும்பு போய்விட்டிருந்தது. டாக்டர்கள் இலிசரோவ் என்ற வளையக் கருவியைப் பொருத்தினார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், அவற்றிலிருந்து எலும்பை ஊடுருவிப் போகும் மெல்லிய கம்பிகள், பார்ப்பதற்குச் சைக்கிள் சக்கரம் போல இருக்கும். நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய துண்டை இடைவெளியை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். அது நகர நகர, பின்னால் புது எலும்பு வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் நான்கு தவணையாக, ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர். அவசரப்பட்டு இழுத்தால் எலும்பு பிடிக்காது, நரம்பு தாங்காது. சோம்பி விட்டுவிட்டால், நகர வேண்டிய துண்டு பாதி வழியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் துண்டை நகர்த்தும் நட்டைத் திருப்பியது என் அம்மா. மெக்கானிக் கடையில் இருக்கும் அதே 10ஆம் நம்பர் ஸ்பேனர்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. ஒவ்வொரு திருப்பலுக்கும் தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு போடுவார். நான்கு கோடு சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஐம்பது நாள் அப்படி நகர்த்தினோம். வளர்ந்த எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதம் ஆனது. பத்து மாதம் அந்த வளையங்களோடு வாழ்ந்தேன்.

அப்போது எனக்குத் துணையாக இருந்தது வலேரி புருமெல் என்ற உயரம் தாண்டும் வீரரின் கதை. சோவியத் நாட்டைச் சேர்ந்த அவர் 1963இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் கால் சிதைந்தது. பல அறுவைச் சிகிச்சைகள் செய்தும் பலன் இல்லை. 1968இல் சைபீரியாவின் குர்கன் நகரில் இருந்த கவ்ரீல் இலிசரோவ் என்ற டாக்டரிடம் போனார். என் காலில் இருந்த கருவியை உருவாக்கியவர் அவர்தான். புருமெல் குணமாகி, மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். பழைய 2.28ஐ அதன்பின் அவர் எட்டவே இல்லை. ஆனாலும் திரும்பி வந்து தாண்டினார். எனக்கு அவருடைய தங்கப் பதக்கத்தைவிட அந்த இரண்டு மீட்டர்தான் பெரியது.

தம்பிகளே, தங்கைகளே, வேகம் வேண்டிய இடம் ஒன்று, நிதானம் வேண்டிய இடம் ஒன்று. 23 வயதில் நான் அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தேன். முன்னேறுவதில் அவசரப்பட்டேன். சாலையில் யாராவது விழுந்து கிடந்தால், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று தள்ளிப்போட்டேன். குட்டி யானை அண்ணனும் என் அம்மாவும் என்னைத் திருத்தினார்கள். அடுத்தவரின் உயிருக்கு ஓடுவதில் அவசரம் காட்டுங்கள். உங்கள் வாழ்க்கையைக் கட்டுவதில் அம்மாவின் ஸ்பேனரைப் போல இருங்கள்.

இங்கே சிலர் கையில் வேலை ஆணை இருக்கிறது. சிலர் இன்னும் காத்திருக்கிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று பார்க்கும்போது மனம் பதறும், எனக்குத் தெரியும். நான் படுக்கையில் கிடந்த அந்தப் பத்து மாதத்தில் என் நண்பர்கள் பதவி உயர்வு வாங்கினார்கள். எனக்கு அன்றன்றைக்கு நான்கு கோடுதான். இதோ இந்த மேடைக்கு என்னை நடத்திக்கொண்டுவந்த கால், அந்தக் கோடுகளால் ஆனது.

விழா முடிந்ததும் உங்களில் பலர் பைக்கில் வீட்டுக்குக் கிளம்புவீர்கள். ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று கொடுங்கள். வழியில் யாராவது விழுந்து கிடந்தால் வண்டியை நிறுத்துங்கள். அந்த அண்ணனுக்கு நன்றி சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை, முகவரி இல்லை. நீங்கள் ஒருவர் நின்று, "தூங்கிடாத தம்பி, பேரச் சொல்லு" என்று கேட்டால், நான் இத்தனை ஆண்டுகளாகக் கொடுக்க முடியாமல் வைத்திருக்கும் நன்றி போய்ச் சேர்ந்துவிடும்.